மூடி அங்கே, கிண்ணம் இங்கே

பிப்ரவரி 4

அண்ணிக்கு,

போனில் பேசினால் நீங்கள் ஒன்று சொல்லி, நான் ஒன்று சொல்லி, கடைசியில் யார் என்ன சொன்னோம் என்பதற்கே தனியாக ஒரு சண்டை வருகிறது. "இனிமே எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தீர்கள். சரி, எழுதுகிறேன். எழுதிவிட்டால் அப்புறம் மாற்றிச் சொல்ல முடியாது, உங்களாலும் சரி, என்னாலும் சரி.

அம்மா போன பிறகு சாமான்களைப் பிரித்ததில் எனக்கு வந்த நான்கு பெட்டிகளில் கடைசிப் பெட்டியை நேற்றுதான் திறந்தேன். கணுக்காலில் மாவுக்கட்டோடு ஒற்றைக் காலில் நின்றுகொண்டு திறந்தேன். (அருங்காட்சியகப் படியில் விழுந்ததை அண்ணன் சொல்லியிருப்பார். பத்து வாரம் வீடு, வேலை, வீடு. அதற்கு மேல் நகரக் கூடாதாம்.) உள்ளே அம்மாவின் ஊறுகாய்க் கிண்ணங்கள் இருக்கும் என்று பார்த்தால் மூடிகள் மட்டும் இருக்கின்றன. மீன், எலுமிச்சை, வெள்ளரிப் பிஞ்சு, ப்ளம்ஸ், வெங்காயம் என்று ஒவ்வொன்றும் ஒரு உருவம். ஐந்து மூடியும் நன்றாக இருக்கின்றன. கிண்ணம் ஒன்றுகூட இல்லை.

கிண்ணங்கள் உங்களிடம் இருப்பதாக அண்ணன் சொன்னார். அது எப்படி ஆயிற்று என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கிண்ணங்களில் அடிவிரிசல் ஓடுகிறது. அம்மா இருக்கும்போதே பார்த்திருக்கிறேன். நூறு வருஷத்துக்கு மேலான பீங்கான். சூடாக ஏதாவது பட்டால் கையிலேயே இரண்டாகப் பிளந்துவிடும். உடைந்த பீங்கானை ஒட்டுவதுதான் என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன். ஐந்தையும் எனக்கு அனுப்பி வையுங்கள். சரிசெய்து திருப்பி அனுப்புகிறேன்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 11

நாத்தனார் அவர்களுக்கு,

இருபத்தாறு வருஷம் நீ, வா, போ என்று கூப்பிட்டவள் 'அவர்களுக்கு' என்று எழுதுகிறாளே என்று பார்க்கிறீர்களா? மரியாதை கொடுத்தால் சண்டை குறையும் என்று உங்கள் அண்ணன் சொன்னார். கொடுத்துப் பார்க்கிறேன்.

விரிசல் என்று எழுதியிருந்தீர்கள். பயந்துபோய் நம் விடுதியில் மூன்றாம் அறையில் தங்கியிருப்பவரிடம் காட்டினேன். கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் சோதனைப் பிரிவில் இருந்தவர். ஐந்து கிண்ணத்தையும் கவிழ்த்து வைத்து ஒவ்வொன்றாக நகத்தால் சுண்டினார். "கணீர்னு கேக்குது பாருங்கம்மா. விரிசல் இருந்தா சத்தம் செத்துப்போயிருக்கும்" என்றார். ஐந்தும் கணீர் கணீர். இவ்வளவு வருஷம் பீங்கானோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

அப்புறம் இன்னொன்று. உங்கள் அண்ணனுக்கு ரகசியம் காக்கவும் தெரியாது, பொய் சொல்லவும் தெரியாது. "அவ ஆபீஸ்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கப் போறாளாம், அட்டைகூட எழுதியாச்சாம்" என்று சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சரிசெய்து திருப்பி அனுப்புகிறீர்களாக்கும்! என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது உங்களுக்கு?

உங்கள் அம்மா இருந்தவரை அந்தக் கிண்ணங்களை என்னைத் தொட விட்டதில்லை. "உன் கை ஈரக்கை, வழுக்கிடும்" என்பார்கள். சமைத்தவள் நான், பரிமாறியவள் நான், எலுமிச்சை நறுக்கி உப்பில் போட்டவள் நான். கிண்ணத்தை மட்டும் அவர்களே எடுத்து, அவர்களே துடைத்து, அவர்களே வைப்பார்கள். இப்போது அவை என் மேசையில் இருக்கின்றன. தினமும் என் ஈரக்கையால்தான் எடுக்கிறேன். இதுவரை ஒன்றும் வழுக்கவில்லை.

மூடிகளை அனுப்பி வையுங்கள். மூடியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள், தலையிலா கவிழ்த்துக்கொள்வீர்கள்?

இப்படிக்கு,
அண்ணி


பிப்ரவரி 19

அண்ணிக்கு,

ஆமாம், கண்காட்சிதான். 'பழைய சாப்பாட்டு மேசை' என்று ஏப்ரலில் திறக்கிறார்கள். பதினெட்டு வருஷமாக மற்றவர்கள் தேடிக் கொண்டுவந்ததை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஒட்டியது தெரியாமல் ஒட்ட வேண்டும். அதனால் ஒட்டியவளையும் யாருக்கும் தெரியாது. இந்த முறை ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். அதில் எதை வைப்பது என்பது என் இஷ்டம். அம்மாவின் கிண்ணங்களைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. இதைச் சொல்லிக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அம்மா எனக்கென்று சொல்லியிருந்தார். நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள், காய் நறுக்கிக்கொண்டு. "இது பொண்ணுக்கு" என்றார். இப்போது உங்களுக்கு ஞாபகம் இருக்காது, அது எனக்குத் தெரியும்.

மூடியும் கிண்ணமும் எப்படிப் பிரிந்தன என்பதும் தெரிந்துவிட்டது. அண்ணனை அவர் ஆபீஸ் போனில் பிடித்தேன். பார்சல் ஆபீஸில் முப்பது வருஷம். மூடி வேறு, பாத்திரம் வேறு கட்டினால்தான் உடையாது என்பது அவருக்கு வேதம். இரண்டு பெட்டி கட்டியிருக்கிறார். இரண்டிலும் 'கண்ணாடி, கவனம்' என்று நான்கு பக்கமும் எழுதியிருக்கிறார். யாருக்கு என்று மட்டும் எழுதவில்லை. லாரிக்காரன் கைக்கு வந்ததை ஏற்றினான். இந்தக் கூத்துக்கு நானும் நீங்களும் இரண்டு வாரமாகத் தொண்டை கிழியச் சண்டை போடுகிறோம்.

என் பங்குக்கு வந்த சாப்பாட்டுத் தட்டுகள் அறுபதையும் தருகிறேன். உங்கள் விடுதிக்கு உதவும். கிண்ணங்களைக் கொடுங்கள். மூடிகளைத் தர மாட்டேன், அதை மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 26

நாத்தனார் அவர்களுக்கு,

"இது பொண்ணுக்கு" என்று சொன்னது நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. அடுத்த வாரமே என் பெண்ணைக் காட்டி, "எல்லாம் இவளுக்குத்தான்" என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. உங்கள் அம்மா அந்தக் கிண்ணங்களை யாருக்குத்தான் தருவதாகச் சொல்லவில்லை? பால்காரர் மகளுக்குக்கூடச் சொல்லியிருப்பார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் யாருக்கு என்ன லாபம்? அது சாப்பிடுவதற்காகச் செய்த பொருள். இங்கே காலையில் பதினோரு பேர் மேசையில் உட்காருகிறார்கள். நடுவில் ஐந்து கிண்ணமும் வரிசையாக இருக்கும். கிண்ணங்களின் அந்தப் பச்சைப் பளபளப்பைப் பார்த்தால் காய்ந்த ரொட்டிகூட உள்ளே இறங்குகிறது என்று சொல்கிறார்கள். மூடி இல்லாததால் காபி டம்ளர் தட்டுகளைக் கவிழ்த்து மூடுகிறேன். ராஜா தலையில் துண்டைக் கட்டின மாதிரி இருக்கிறது. உங்கள் தயவு.

ஒரு நல்ல செய்தி. சண்டைக்கு நடுவில் சொல்ல வேண்டியிருக்கிறது. குட்டி பிள்ளைத்தாய்ச்சியாக வந்திருக்கிறாள். ஐந்து மாதம். மாப்பிள்ளை கப்பலில் இருப்பதால் குழந்தை பிறக்கும்வரை இங்கேதான். வேறு எதைக் கொடுத்தாலும் வாந்தி. உப்பில் ஊறிய எலுமிச்சை மட்டும்தான் நிற்கிறது. கிண்ணத்தையே மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள். அடியில் தேங்கிய சாற்றைக்கூட விடுவதில்லை, சாய்த்துக் குடித்துவிடுகிறாள். "அத்தை எப்படி இருக்காங்க, கால் சரியாச்சா" என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்று சொன்னேன்.

அறுபது தட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அண்ணி


மார்ச் 4

அண்ணி,

மற்றதெல்லாம் அப்புறம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் முதல் வேலையாகக் கிண்ணங்களை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். குட்டி அதிலிருந்து ஒரு துண்டுகூடச் சாப்பிடக் கூடாது.

பீங்கான் என்று நாம் சொன்னாலும் உள்ளே இருப்பது சுட்ட மண்தான். மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. கண்காட்சி அட்டையில் அந்தப் பூச்சு எதனால் ஆனது என்று எழுத வேண்டும். அதற்காக எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து, அதன் குழியில் வினிகர் ஊற்றி ஒரு நாள் முழுக்க வைத்தோம். அந்த வினிகரை எங்கள் வேதியியல்காரர் சோதித்துப் பார்த்தார். அதில் காரீயம் இறங்கியிருக்கிறது. கொஞ்சநஞ்சம் இல்லை. எண்ணைப் பார்த்துவிட்டு, எங்கேயோ தப்பு என்று மறுபடி செய்தார். மறுபடியும் அதே எண்தான். "இதுல யாரும் சாப்பிடலையே?" என்று கேட்டார். உடனே உங்களுக்குப் போன் போட்டேன்.

அந்தக் காலத்தில் பளபளப்புக்காகக் காரீயம் கலந்து பூசுவார்கள். உலர்ந்த பண்டம் வைத்தால் பெரிய ஆபத்து இல்லை. புளிப்பு பட்டால் கரைந்து இறங்கும். எலுமிச்சையும் உப்பும் நாள்கணக்கில் அதிலேயே ஊறினால் கேட்கவே வேண்டாம். அது உடம்பில் தங்கிவிடும் விஷம். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகவே ஆகாது.

யோசித்துப் பாருங்கள். அம்மா என்றைக்காவது கிண்ணத்தில் நேராக ஊறுகாய் போட்டிருக்கிறாரா? உள்ளே சின்னதாக ஒரு கண்ணாடிக் கிண்ணம் வைப்பார். அதில்தான் போடுவார். கறை பிடிக்கும் என்பார். கறைக்காகத்தானா, வேறு யாராவது சொல்லி வைத்தார்களா, தெரியாது. அந்தக் கண்ணாடிக் கிண்ணங்கள் எங்கே?

குட்டியை டாக்டரிடம் கூட்டிப்போய் ரத்தத்தில் காரீயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவளுக்கும் ஒரு சீட்டு எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன்.

காலையிலிருந்து நான்கு தடவை போன் செய்துவிட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள்.

நாத்தனார்


மார்ச் 10

நாத்தனார் அவர்களுக்கு,

போன மாதம் விரிசல். இந்த மாதம் விஷம். அடுத்த மாதம் என்ன, கிண்ணத்துக்குள் பாம்பா?

நன்றாகத்தான் யோசிக்கிறீர்கள். விரிசல் என்றால் தட்டிப் பார்த்துவிடுகிறாள், விஷம் என்றால் எதைத் தட்டிப் பார்ப்பாள் என்று. என் பெண்ணின் வயிற்றைச் சொல்லிப் பயமுறுத்தினால் ஓடிப்போய்க் கட்டி அனுப்பிவிடுவேன் என்று. அவள் உங்களுக்கு மருமகள் முறை. அவளை இழுத்து இப்படி எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

ஈயம் பூசின பாத்திரத்தில் சமைத்ததைச் சாப்பிட்டுத்தான் நம் வீடுகளில் எல்லோரும் வளர்ந்தோம். யாரும் செத்துப்போகவில்லை.

அந்தக் கண்ணாடிக் கிண்ணங்களைப் பற்றி எனக்கே சொல்கிறீர்களே! இருபத்தாறு வருஷம் அவற்றைக் கழுவினது யார்? பீங்கானைத் தொடக் கூடாதவளுக்கு அந்த ஐந்து கண்ணாடிதான் கொடுத்திருந்தார்கள். இப்போது அவை விடுதிக் குளியலறைகளில் சோப்பு வைக்க இருக்கின்றன.

குட்டிக்கு எழுதிய சீட்டைக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். கிண்ணங்கள் மேசையில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
அண்ணி


மார்ச் 15

அண்ணி,

விரிசல் என்று எழுதியது பொய். கிண்ணங்கள் வேண்டும் என்ற ஆசையில் எழுதின பச்சைப் பொய். அதற்கு என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இது பொய் இல்லை.

பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். அது ஒன்றும் செய்யாது. இது காரீயம். இரண்டும் வேறு வேறு.

வேதியியல்காரரின் சோதனைத் தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். அடியில் அவர் கையெழுத்து இருக்கிறது. உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். மூன்றாம் அறைக்காரரிடமாவது காட்டுங்கள், கண்ணாடித் தொழிற்சாலையில் இருந்தவருக்குக் காரீயம் தெரியாமல் இருக்காது.

அண்ணனிடம் சொன்னேன். "நான் சொன்னா கேக்க மாட்டா, நீயே எழுதும்மா" என்கிறார். அவர் வாயில் என்ன வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை. எனக்கு வருகிற கோபத்துக்கு இந்த மாவுக்கட்டை உடைத்துப் போட்டுவிட்டு ரயில் ஏறலாம் என்று இருக்கிறது. இரண்டு நாள் பயணம், ஏற ஒரு கால் இல்லை.

கிண்ணங்களை எனக்கு அனுப்ப வேண்டாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் வைத்து அழகு பாருங்கள். சாப்பிட மட்டும் வேண்டாம் அண்ணி. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நாத்தனார்


மார்ச் 20

நாத்தனார் அவர்களுக்கு,

தாள் வந்தது. கண்காட்சிக்கு அட்டை அடிக்கிற இடத்தில் ஒரு தாள் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கையெழுத்துப் போட ஒரு கூட்டாளி இல்லாமலா போவார்?

பொய் சொன்னதை ஒத்துக்கொண்டதற்குச் சந்தோஷம். ஒரு பொய்யை ஒத்துக்கொண்டவர் இரண்டாவதையும் ஒரு நாள் ஒத்துக்கொள்வீர்கள். காத்திருக்கிறேன்.

நாளைக்கும் எலுமிச்சை அதே கிண்ணத்தில்தான். மூடிகளை எப்போது அனுப்புகிறீர்கள்?

அண்ணி


மார்ச் 25

(பெட்டிக்குள் வைத்த சீட்டு)

அண்ணி,

கேட்டீர்கள் இல்லையா? ஐந்து மூடிகளும் இதில் இருக்கின்றன. கையை விட்டுத் துழாவாதீர்கள், கிழித்துவிடும். செய்தித்தாளை விரித்து மெல்லக் கொட்டுங்கள்.

முழுசாக அனுப்பினால் ஜெயித்துவிட்டதாக நினைத்து அவற்றையும் மேசையில் வைப்பீர்கள். அனுப்பாமல் இருந்தால் கிண்ணத்துக்காக நாடகம் ஆடுகிறாள் என்பீர்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இன்று மத்தியானம் வேலை மேசையில் ஒரு துணியை விரித்து, ஐந்தையும் வரிசையாக வைத்து, சுத்தியலால் அடித்தேன். வெங்காயத்தில் ஆரம்பித்தேன். மீனைக் கடைசியாக வைத்திருந்தேன். அது முதல் அடியில் உடையவில்லை. இரண்டாவது தடவை அடிக்க வேண்டியிருந்தது. பக்கத்து மேசையில் இருந்த பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தாள், பாவம்.

கண்காட்சிப் பெட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மூடி இல்லாத கிண்ணங்களை அங்கே வைக்க மாட்டார்கள். அதனால் இனிமேல் உங்கள் கிண்ணங்களால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

இப்போதாவது சொல்லுங்கள், எதற்காகப் பொய் சொல்லப்போகிறேன்?

குட்டிக்கு அதில் கொடுக்காதீர்கள்.


மார்ச் 31

அம்மாடி,

பெட்டியைப் பிரித்தது உன் அண்ணன்தான். உள்ளே பார்த்துவிட்டு, "எல்லாம் நொறுங்கியிருக்கே, நான் கட்டியிருந்தா இப்படி ஆகியிருக்குமா? புகார் எழுதறேன்" என்று பேனாவைத் தேடினார். அடியில் உன் சீட்டு இருந்தது. நான்தான் எடுத்துப் படித்தேன். படித்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். பதினோரு பேரும் அன்றைக்குக் காபி இல்லாமல் வேலைக்குப் போனார்கள்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும்.

மார்ச் ஏழாம் தேதி உன் கடிதம் வந்தது. கண்ணாடிக் கிண்ணத்தைப் பற்றி நீ எழுதியிருந்த வரியை நின்ற இடத்திலேயே மறுபடி படித்தேன். அந்தக் கண்ணாடியைக் கழுவினவள் நான். அது இல்லாமல் உன் அம்மா ஒரு நாளும் ஊறுகாய் போட்டதில்லை. ஒருநாள் நான் தெரியாமல் நேராகப் போட்டபோது அப்படியே தூக்கிக் கொட்டினார்கள். என்மேல் இருக்கிற வெறுப்பு என்று நினைத்து அன்று முழுக்க அழுதேன். அதெல்லாம் அந்த ஒரு வரியில் திரும்பி வந்தது. அன்றைக்கு மத்தியானமே கிண்ணங்கள் ஐந்தையும் கழுவித் துணியில் சுற்றி அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டேன். மறுநாள் குட்டியை டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒன்பதாம் தேதி ரத்தச் சோதனைச் சீட்டு வந்தது. கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். பத்து நாள்தான் சாப்பிட்டிருக்கிறாள், இப்போதே நிறுத்தியது நல்லதாயிற்று, பிள்ளைக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

பத்தாம் தேதி உனக்கு அந்தத் திமிர்க் கடிதத்தை எழுதினேன். அப்போது டாக்டர் சீட்டு என் தலையணைக்கு அடியில் இருந்தது. இருபதாம் தேதி எழுதும்போதும் இருந்தது.

ஏன் எழுதினேன்? எனக்கே கேவலமாக இருக்கிறது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நீயும் உன் அம்மாவும் சொன்னது எல்லாம் சரி, நான் செய்தது எல்லாம் தப்பு. கிண்ணம் விஷயத்திலும் நீ சொன்னதே சரியாகப் போய்விட்டது. 'நீ சொன்னது சரி' என்று எழுத இந்தக் கை வரவில்லை. அப்புறம் நீ என் காலைப் பிடிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. இன்னும் ஒரு கடிதம் கெஞ்சட்டுமே என்று இருந்துவிட்டேன். ஒரு கடிதம்தான் வரும் என்று நினைத்தேன். பெட்டி வரும் என்று நினைக்கவில்லை.

உன் சீட்டைக் குட்டிக்குப் படித்துக் காட்டினேன். "அம்மா, நீ மனுஷியா?" என்று கேட்டாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை அவள்.

துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கி, ஐந்து கிண்ணங்களோடு சேர்த்து அனுப்புகிறேன். உன் அண்ணன் மறுபடியும் இரண்டு பெட்டியாகக் கட்டப்போனார். ஒரே பெட்டியில் கட்ட வைத்தேன். மேலே உன் பெயரை நானே எழுதினேன். உடைந்ததை ஒட்டுவாய் அல்லவா? ஒட்ட முடியும் என்று மட்டும் ஒரு வரி எழுது. திட்டிவிட்டு எழுதினாலும் சரி.

அண்ணி


ஏப்ரல் 9

அண்ணிக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது நான்காவது.

ஒரு வரி அண்ணி! 'எடுத்து வைத்துவிட்டேன்' என்று ஒரே ஒரு வரி! ஒரு கார்டில் எழுதிப் போட்டிருந்தால் போதாதா? இருபத்தைந்தாம் தேதி நான் சுத்தியலைத் தூக்கியபோது உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருந்திருக்கிறீர்கள். கிண்ணங்கள் அலமாரியில் தூங்கியிருக்கின்றன. நான் இங்கே அம்மாவின் மீனை இரண்டு தடவை அடித்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. உங்கள் முன்னால் நின்று வாய் வலிக்கத் திட்டினால்தான் தீரும். கடிதத்தில் திட்டிப் பார்த்தேன், போதவில்லை.

எங்கள் கண்ணாடிப் பெட்டியில் இப்போது யாரோ ஒரு தளபதியின் கரண்டிகள் இருக்கின்றன. பன்னிரண்டு கரண்டி. ஒன்றுபோல் ஒன்று. கண்காட்சி திறந்த அன்று கட்டுப் போட்ட காலோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். யாரும் அந்தப் பெட்டி முன்னால் நிற்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி, ஒளிப்பானேன்.

விரிசல் என்று நான் முதலில் எழுதியிருக்காவிட்டால் காரீயம் என்றதை அன்றைக்கே நம்பி, ஒரு வார்த்தை சொல்லியும் இருப்பீர்கள். அது என் கணக்கில். அதையும் மூன்று கடிதத்தில் எழுதினேன், மூன்றையும் கிழித்தேன். இதில் இருக்கட்டும்.

குட்டியிடம் சொல்லுங்கள், அம்மாவோடு பேசச் சொல்லி அத்தை எழுதியிருக்கிறேன் என்று. நீங்கள் மனுஷிதான். மனுஷிக்குத்தான் இவ்வளவு வீம்பு வரும்.

ஒட்ட முடியும். நூற்றுப் பதினேழு துண்டு. மணல் தட்டில் ஒவ்வொன்றாக நிறுத்தி, விளிம்பிலிருந்து நடுவுக்குச் சேர்த்துக்கொண்டு வருகிறேன். வெள்ளரியும் ப்ளம்ஸும் முடிந்துவிட்டன. ஒட்டியது தெரிகிறது. தெரியாமல் செய்ய எனக்குத் தெரியும், செய்யவில்லை. எலுமிச்சைக்கு இன்னும் இரண்டு நாள் ஆகும். வெங்காயம் படுத்துகிறது.

மீனில் வால் இல்லை. மணலைச் சலித்துப் பார்த்தேன், வைக்கோலை உதறிப் பார்த்தேன், அண்ணன் சுற்றின செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அந்த வாலைப் பிடித்துத்தான் மூடியைத் தூக்க வேண்டும். உங்கள் தரையில் எங்காவது விழுந்து கிடக்கிறதா, நீங்களே எடுத்து வைத்துக்கொண்டீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. எங்கே இருந்தாலும் எடுத்து வையுங்கள். தபாலில் போடாதீர்கள்.

பதினாறாம் தேதி கட்டுப் பிரிக்கிறார்கள். பதினெட்டாம் தேதி வண்டி ஏறினால் இருபதாம் தேதி காலை அங்கே இருப்பேன். மீனை மடியில் வைத்துக் கொண்டு வருகிறேன். போனை வைக்கிற மாதிரி கதவைச் சாத்திவிடாதீர்கள். அந்தச் சோப்புக் கிண்ணங்களை நன்றாகத் தேய்த்துக் கழுவி வையுங்கள், எலுமிச்சைக்கு அவை வேண்டும்.

பசை நான் கொண்டுவருகிறேன். வாலை நீங்கள்தான் ஒட்ட வேண்டும், உங்கள் கையால். ஈரத்தைத் துடைத்துக்கொண்டு உட்காருங்கள்.

உங்கள் நாத்தனார்